மயிலையில் சவேரியார் தங்கிய நான்கு மாதங்கள்

நம் பங்கின் ஜூபிலி மலருக்கு ஒரு புனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி பங்குத் தந்தை கேட்டபோது, புனித தோமையாரைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் மயிலை மண்ணில் பிறந்த எந்தக் கத்தோலிக்கப் பிள்ளைக்கும் தோமையாரின் வரலாறு தாய்ப்பாலோடு ஊட்டப்படுகிறது. புனித பிரான்சிஸ் சவேரியாரையோ நாம் கோவாவுக்கும் தூத்துக்குடிக்கும் கோட்டாற்றுக்கும் கொடுத்துவிட்டோம். டிசம்பர் 3-ஆம் நாள் திருவிழாத் திருப்பலி காண்பதோடு நம் கடமை முடிகிறது. அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய முடிவுகளில் ஒன்று நம் சாந்தோமில், கடற்கரைக்குக் கல்லெறி தூரத்தில் எடுக்கப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். ஆகவே அந்தக் கதையைச் சொல்லத் துணிந்தேன்.

மனிதன் ஏன் மாறுகிறான்? இருந்த இடத்தில் இருப்பதே சுகமாயிருக்க, எது அவனை எழுப்பி நடக்கச் செய்கிறது? நாற்பது ஆண்டுகளாகப் பங்குக் கூட்டங்களில் உட்கார்ந்து, நல்ல தீர்மானங்கள் ஏகமனதாய் நிறைவேறி, தேநீர் அருந்திக் கலைந்துபோவதைப் பார்த்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. சவேரியாரின் வாழ்வை இந்தக் கேள்வியோடு படித்தால் சில வியப்பான காரியங்கள் தென்படுகின்றன.

அவர் 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் ஸ்பெயின் தேசத்து நவார் நாட்டில், சவேரியார் கோட்டை என்ற தம் குடும்பக் கோட்டையில் பிறந்தார். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. அவருக்கு ஆறு வயதாகும்போது நவார் அரசு காஸ்டீலியரிடம் வீழ்ந்தது. ஒன்பது வயதில் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு கோட்டையின் கோபுரங்களை அரசாணைப்படி இடித்தார்கள். மூத்த சகோதரர்கள் நவாருக்காக வாளேந்தினார்கள். 1521-ல் பம்பலோனா நகரை அவர்கள் பக்கத்துச் சேனை முற்றுகையிட்டபோது, எதிர்ப்பக்கத்தில் நின்று போரிட்டுக் காலில் குண்டடி பட்ட ஒரு வீரரின் பெயர் இஞ்ஞாசியார். பிற்காலத்தில் சவேரியாருக்கு ஞானத் தந்தையாக வாய்த்தவர் அவரே. சொத்தும் மதிப்பும் இழந்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளைக்கு ஒரே ஆசை இருந்தது: படித்துப் பட்டம் பெற்று, பம்பலோனா மேற்றிராசனக் கோவிலில் நல்ல வருமானமுள்ள பதவியில் அமர்வது. அதில் குறைகாண நமக்கு உரிமையில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் விரும்புவதும் அதுதானே.

1525-ல் அவர் பாரீசுக்குச் சென்று சாந்த் பார்ப் கல்லூரியில் சேர்ந்தார். ஓட்டத்திலும் தாண்டுதலிலும் வல்லவர், பேச்சில் இனியவர், உடையில் நாட்டமுள்ளவர். சாவோயைச் சேர்ந்த பேதுரு பேபர் என்ற ஆடு மேய்த்த குடும்பத்துப் பிள்ளை அவருக்கு அறைத்தோழர். 1529-ல் அதே அறைக்கு நாற்பது வயதை நெருங்கிய, நொண்டி நடக்கிற, பிச்சை எடுத்துப் படிக்கிற ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். அவர்தாம் இஞ்ஞாசியார்.

பேபர் விரைவில் அவர் வழிக்கு வந்துவிட்டார். சவேரியாரோ ஆண்டுக்கணக்கில் வரவில்லை. கேலி செய்தார், நழுவினார். உலகம் முழுவதையும் ஆதாயமாக்கி ஆன்மாவை இழப்பவனைப் பற்றி ஆண்டவர் கேட்ட கேள்வியை இஞ்ஞாசியார் அவர் காதில் ஓதிக்கொண்டே இருந்தார் என்பது நாம் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்ட கதை. இன்னொரு பாதியை வகுப்பில் அவ்வளவாகச் சொல்வதில்லை. சவேரியார் விரிவுரையாளரானபோது அவருக்கு மாணவர்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தவர் இஞ்ஞாசியார். கையில் பணம் இல்லாதபோது உதவியவரும் அவரே. ஒருவனை மாற்ற வேண்டுமென்று எண்ணியவர், அவன் விரும்பிய காரியத்திலேயே அவனுக்குத் துணைநின்றார். புத்தி சொன்னதைவிட இதுவே சவேரியாரை அதிகம் இளக்கியது என்பது என் எண்ணம். 1534 ஆகஸ்ட் 15-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, பாரீசை அடுத்த மோன்மார்த்ருக் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு பேர் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். சவேரியார் அவர்களுள் ஒருவர். பம்பலோனாப் பதவி மறந்துபோயிற்று.

1537-ல் வெனிசில் குருப்பட்டம் பெற்றார். 1540-ல் போர்த்துக்கல் மன்னர் மூன்றாம் யோவான் இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டுமென்று கேட்க, இஞ்ஞாசியார் சீமோன் ரொட்ரீகஸ், பொபடில்லா என்ற இருவரைத் தேர்ந்தார். பொபடில்லா காய்ச்சலில் விழுந்தார். தூதர் புறப்படவோ நாள் நெருங்கிவிட்டது. வேறு ஆள் இல்லாததால் சவேரியாரை அழைத்தார். முழுசாய் இரண்டு நாள் அவகாசம்கூட இல்லை. கிழிந்த உடைகளைத் தைத்துக்கொண்டு, திருத்தந்தையின் ஆசீரைப் பெற்று அவர் கிளம்பிவிட்டார். முதலில் தேர்ந்த இருவரில் ரொட்ரீகஸ் போர்த்துக்கலிலேயே நின்றுவிட, மாற்றாளாய் வந்தவரே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு சகோதரரின் காய்ச்சல் நமக்கு ஒரு புனிதரைத் தந்தது.

1541 ஏப்ரல் 7, தம் 35-ஆவது பிறந்த நாளன்று லிஸ்பன் துறையில் கப்பலேறியவர், மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காற்றுக்குக் காத்திருந்து, 1542 மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கினார். பயணம் 13 மாதம். அவ்வாண்டு அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

அங்கே இருந்த பரதவ மக்களின் கதையும் நம் கேள்விக்குப் பொருந்துகிறது. 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிக்கும் உரிமை பற்றி எழுந்த பூசலில் உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வந்து, போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடியபோது நடந்தது அது. இதை மறைப்பதில் பொருளில்லை. மனிதர் ஒரு பெரிய மாற்றத்துக்குள் பல வாசல்கள் வழியாக நுழைகிறார்கள். பயம் என்ற வாசலும் அவற்றில் ஒன்று. ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். மந்திரம் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர வேறெதுவும் அறியோம் என்று அம்மக்கள் சவேரியாரிடம் சொன்னார்கள். அப்படி வந்தவர்களின் சந்ததியே நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக, டச்சுக்காரர் துன்புறுத்திய காலத்திலும் அசையாமல், விசுவாசத்தில் நிலைத்து நிற்கிறது. எந்த வாசலால் வந்தார்கள் என்பதை வைத்து வீட்டுக்குள் எப்படி வாழ்வார்கள் என்று கணிக்க முடியாது போலும்.

சவேரியாருக்குத் தமிழ் வரவில்லை. இரு மொழியும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டிவைத்துச் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை, பத்துக் கட்டளைகள் ஆகியவற்றைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி நாளுக்கு இரண்டு வேளை ஓதுவித்தார். அத்தமிழில் பிழைகள் இருந்தன. பின்வந்த அண்ட்ரிக் அடிகளார் திருத்தினார். பிழைத் தமிழோடு தொடங்கலாமா என்று அவர் தயங்கியிருந்தால் ஒன்றுமே நடந்திராது. ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகும் நாட்களும் இருந்தன. 1544 கடைசியில் திருவாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் 10,000 முக்குவ மக்களுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இதற்கிடையில் 1544 ஜூனில் வடுகர் படை தென்கோடியில் பாய்ந்தது. மக்கள் கன்னியாகுமரிக்கு அப்பால் கடலிலுள்ள பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று அவரை விடவில்லை. நாட்கணக்கில் கடலோடு போராடித் திரும்பி, பின் கால்நடையாகவே போய்ச் சேர்ந்தார். காற்று அவருக்கு விரோதமாய் வீசியது அது முதல் முறையுமல்ல, கடைசி முறையுமல்ல.

அவரைக் காற்றைவிட அதிகம் வருத்தியவர்கள் அவருடைய நாட்டு அதிகாரிகளே. ஏழைப் பரதவரை ஞானஸ்நானம் பெற்றபின்பும் கொள்ளையிட்டவர்கள் கிறிஸ்தவப் பெயர் தாங்கிய கப்பித்தான்கள். 1545 ஜனவரியில் அவர் மன்னருக்கே எழுதினார். இந்தியாவில் நடப்பவற்றுக்கு இறுதித் தீர்ப்பு நாளில் மன்னரே பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். அரசனின் செலவில் வந்த ஒரு குருவுக்கு அப்படி எழுத மனத்திடம் வேண்டும்.

இனி மயிலைக்கு வழிவகுத்த சம்பவத்துக்கு வருவோம். மன்னார்த் தீவில் ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேரை 1544-ல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி கொல்வித்தான். சவேரியார் மனம் கொதித்தது. ஆளுநரைக் கண்டு பேசி, அம்மன்னனைத் தண்டிக்கக் கப்பற்படை அனுப்பும் உத்தரவும் பெற்றார். படையை எதிர்நோக்கி நாகப்பட்டினத்தில் காத்திருந்தார். படை நகரவில்லை. பெகுவிலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தட்டிப்போக, அச்சரக்கு சங்கிலியின் கைக்குப் போயிற்று. சரக்கு திரும்பக் கிடைக்கும்வரை மன்னனைப் பகைக்கக் கூடாது என்று அதிகாரிகள் படையெடுப்பைக் கைவிட்டார்கள். அறுநூறு உயிரைவிடச் சரக்கு கனமாயிருந்தது.

நம் காலத்தவருக்கு, ஒரு புனிதர் படையெடுப்பை எதிர்பார்த்துக் காத்திருந்தது உறுத்தலாகவே இருக்கும். எனக்கும் உறுத்துகிறது. அவர் 16-ஆம் நூற்றாண்டின் மனிதர். அரசனின் வாள் நீதிக்காகவும் உயரும் என்று நம்பியவர். அந்த நம்பிக்கை நாகப்பட்டினத்துத் துறையில் உடைந்தது. அந்த உடைவு அவருக்கு நல்லதாயிற்று என்றே சொல்வேன்.

1545 மார்ச் 29, குருத்து ஞாயிறு. அவர் நாகையிலிருந்து படகேறினார். எதிர்க்காற்றில் படகு முன்னேறாமல் பெரிய வாரத்து நாட்களெல்லாம் கடலில் கழிந்தன. அந்நாட்களில் அவர் உணவு தொடவில்லை என்று பழைய வரலாறுகள் கூறும். படகு திரும்பிவிட்டது. ஏப்ரல் 7-ஆம் நாள், தம் 39-ஆவது பிறந்த நாளில், மீண்டும் நாகையிலேயே உட்கார்ந்து தோழர் மன்சில்யாசுக்குக் கடிதம் எழுதுகிறார். அக்கடிதத்தில் முடிவு ஏதும் இல்லை. எங்கு போவது, இங்கேயே இருப்பதா, கிழக்கே போவதா என்று தெரியாத மனிதரையே அதில் காண்கிறோம். பிறகு அவர் நாகையிலிருந்து மயிலாப்பூருக்கு நடந்தே வந்தார் என்பது மரபு. கடற்கரையோரமாய் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சித்திரை வெயில்.

அப்போது சென்னை என்ற ஊர் இல்லை. ஆங்கிலேயர் வந்து கோட்டைக்கு இடம் வாங்க இன்னும் 94 ஆண்டுகள் இருந்தன. ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் எழுந்ததோ 1920-களில். மயிலாப்பூரோ அன்றே பழைய ஊர். அதன் கடலோரத்தில் போர்த்துக்கீசியர் குடியேறிய பகுதிக்குச் சாந்தோம் என்று பெயர். படையில் இளைத்தவர்களும், அரசுப் பணியை விட்டு வியாபாரத்தில் இறங்கியவர்களும், இந்நாட்டுப் பெண்களை மணந்தவர்களும், மணக்காமலே கூட வாழ்ந்தவர்களும் அங்கே இருந்தார்கள். கோவாவின் சட்டம் எட்டாத தூரம். அப்போஸ்தலரின் கல்லறைமேல் சிறு ஆலயம் ஒன்று இருந்தது. இன்று நாம் காணும் வெண்ணிறப் பேராலயம் 1896-ல் முடிந்தது. சவேரியார் கண்டது அதுவல்ல. பரங்கிமலைச் சிலுவையையும் அவர் கண்டிருக்க முடியாது, ஏனெனில் அது தோண்டியெடுக்கப்பட்டது 1547-ல். கல்லறை ஒன்றே அவருக்கும் நமக்கும் பொது.

ஆலயத்தை அடுத்த வீட்டில் பங்குக் குரு கஸ்பார் கோயேல்யோ சுவாமி அவருக்கு இடங்கொடுத்தார். இரவில் அச்சுவாமி உறங்கியபின், சவேரியார் ஓசைப்படாமல் எழுந்து தோட்டத்தைக் கடந்து ஆலயத்தை ஒட்டிய சிறு கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே ஜெபமும் தபசும். தோட்டத்தில் பேய் நடமாட்டம் உண்டென்று கோயேல்யோ எச்சரித்தபோது சவேரியார் சிரித்தாராம். ஆயினும் துணைக்கு ஒரு வேலைக்காரனை அழைத்துப்போய்க் கதவருகே படுக்கவைத்துக்கொண்டார். ஓர் இரவு அவர் தேவமாதாவை உரக்கக் கூவி அழைத்ததை அவன் கேட்டான். அடுத்த இரண்டு நாள் அவர் எழவில்லை. அந்தக் கூவலைச் சொல்லிக்காட்டிக் கோயேல்யோ அவரைக் கேலி செய்வதும் உண்டு. கோயேல்யோ சுவாமி பின்னாளில் விசாரணையில் சாட்சி சொல்லியதால் இவை நமக்குத் தெரியவந்தன. பேய் அடித்ததா, மனப்போராட்டமா என்று ஆராய்வது என் வேலையல்ல. ஒரு முடிவுக்காக ஒரு மனிதர் இரவிரவாய்ப் பட்டபாடு அது என்பது மட்டும் தெளிவு. மயிலை மாதாவின் திருச்சுரூபத்தின் முன்பு அவர் ஜெபித்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாய்ச் சொல்லி வருவது; அச்சுரூபம் இன்றும் பேராலயத்தில் இருக்கிறது.

அவர் உள்ளத்தில் போராடியது என்ன? முத்துக்குளித்துறையில் அவரை நம்பி ஆயிரக்கணக்கான மக்கள் இருந்தார்கள். கிழக்கே மக்காசார் என்ற தீவில் இரு சிற்றரசர்கள் ஒரு வியாபாரியின் கையால் ஞானஸ்நானம் பெற்று, குரு கேட்டு அனுப்பியிருந்தார்கள். கைக்கெட்டிய மக்களை விட்டுக் கண்காணா மக்களிடம் போவதா? இது கெட்டதற்கும் நல்லதற்கும் இடையிலான தேர்வு அல்ல. அப்படியிருந்தால் புனிதருக்கு ஒரு நொடி போதும். நல்லது இரண்டில் ஒன்றை விடுவதுதான் கடினம்.

மே 8-ஆம் நாள் அவர் கோவாவிலிருந்த தோழருக்குச் சாந்தோமிலிருந்து எழுதிய கடிதத்தில் முடிவு வந்துவிட்டது. இறைவனின் சித்தம் இன்னதென்று மிகுந்த ஆறுதலோடு தமக்கு உணர்த்தப்பட்டது என்றும், மலாக்காவுக்குப் போவதாகவும் எழுதுகிறார். அதில் ஒரு செய்தி மயிலைவாசிகளான நமக்கென்றே எழுதியது போலிருக்கும். அவ்வாண்டு அக்கரையிலிருந்து எந்தக் கப்பலும் புறப்படாமல் ஒரு கட்டுமரம் மட்டுமே புறப்பட்டாலும், கடவுளை நம்பி அதிலேறிப் போய்விடுவாராம். நாகையில் ஒரு மாதம் முன்பு எந்தத் திசை என்று அறியாதிருந்தவர், கட்டுமரத்தில் வங்கக் கடலைக் கடக்கத் துணிகிறார். அந்த உவமையைத் தேட அவர் தூரம் போகவில்லை. சாந்தோம் குப்பத்துக் கரையில் மீனவர் மரங்களைக் கட்டுவதையும் அவிழ்த்து உலர்த்துவதையும் தினமும் கண்டிருப்பார். இன்று அதே கரையில் பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகள்தாம் நிற்கின்றன.

முடிவு எடுத்தபின்பும் காற்று மாறும்வரை ஆகஸ்ட் மாதம் வரை மயிலையிலேயே இருந்தார். சும்மா இருக்கவில்லை. பிரசங்கித்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், பகைவரைச் சேர்த்துவைத்தார், கூடி வாழ்ந்தவர்களுக்கு மணம் முடித்துவைத்தார். இதில் அவர் எங்கும் கையாண்ட முறையைப் பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். வழிதவறி வாழ்பவன் வீட்டுக்குப் போய் அவனைக் கண்டிக்க மாட்டார். சாப்பாடு உண்டா என்று தாமே கேட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிட்டுச் சமையலைப் புகழ்வார். சமைத்தவளைப் பார்க்க வேண்டும் என்பார். பிள்ளைகளை மடியில் வைத்துக் கொஞ்சுவார். இவ்வளவு நல்ல பெண்ணை மணந்துகொள்ள என்ன தடை என்பார். பல வீட்டில் அடுத்த வாரமே திருமணம் நடந்தது. அவர் கடிந்து பேசியதாகச் சொல்லும் கதைகளும் உண்டு. அவற்றைவிட இதையே நான் விரும்புகிறேன். பாரீசில் இஞ்ஞாசியார் தமக்குச் செய்ததை அவர் மறக்கவில்லை போலும்.

மயிலையில் அவரால் மாறியவர்களுள் ஒருவரின் பெயர் நமக்குத் தெரியும்: யோவான் தே எய்ரோ. சொந்தக் கப்பலில் வியாபாரம் செய்தவர், வயது முப்பத்தைந்து அளவில். சவேரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபின், உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரைப் பின்செல்வதாக வாக்களித்தார். விற்கவும் செய்தார். ஆனால் சில நாளில் மனம் குளிர்ந்துவிட்டது. யாரும் அறியாமல் ஒரு கப்பல் வாங்கி, இரவோடிரவாய்ப் புறப்பட ஏற்பாடு செய்துவிட்டார். புறப்படும் தருணத்தில் ஒரு சிறுவன் ஓடிவந்து, சுவாமி அழைக்கிறார் என்றான். வேறு யாரையோ தேடுகிறான் என்று எய்ரோ தட்டிக்கழிக்கப் பார்த்தார். சிறுவன் விடவில்லை. சவேரியார் முன் போய் நின்றதும், அவர் எல்லாம் அறிந்திருப்பதைக் கண்டு எய்ரோ கலங்கி அழுதார். கப்பலை விற்றார், மீண்டும் கொடுத்தார், அவரோடு மலாக்காவுக்குப் போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு வசதியாயிருக்கும். முடியவில்லை. கிழக்குத் தீவுகளில் எய்ரோ சவேரியாருக்குத் தெரியாமல் பிறரிடம் பணம் வாங்கிக்கொண்டு கடும் கண்டனத்துக்கு உள்ளானார். சேசு சபையில் அவர் நிலைக்கவில்லை. பின்னாளில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். சவேரியார் இறந்தபின் அவரைப் பற்றிச் சாட்சி சொன்னவர்களுள் அவரும் ஒருவர். தம் ஒளித்த கப்பலின் கதையைச் சொல்ல வெட்கப்படவில்லை. மூன்று முறை தவறி மூன்று முறை எழுந்த இந்த வியாபாரியின்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மன்சில்யாசோ நேர்மாறு. லிஸ்பனிலிருந்தே சவேரியாரோடு வந்தவர் அவர். பரதவரிடையே நன்றாகவே உழைத்தவர். 1546-ல் கிழக்குத் தீவுகளுக்கு வரும்படி அம்போனிலிருந்து அழைப்பு வந்தபோது, பழகிய கரையைவிட்டு நகர மறுத்துவிட்டார். அதனால் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அவர் கெட்டவரல்ல. இருந்த இடத்தில் வேலையும் நிறைய இருந்தது. நம்மில் பெரும்பாலோர் மன்சில்யாஸ் வகை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆகஸ்ட் இறுதியில் சவேரியார் சாந்தோம் துறையில் கப்பலேறினார். வேண்டிக் கேட்டுப் பெற்ற அப்போஸ்தலரின் எலும்புத் துணுக்கு ஒன்று அவருடன் சென்றது. செப்டம்பரில் மலாக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே காத்திருந்தது மற்றோர் ஏமாற்றம். மக்காசாரிலிருந்து நல்ல செய்தி வரவில்லை. அங்கு அவர் போகவே இல்லை! எந்த நாட்டுக்காக மயிலையில் இரவிரவாய் வேண்டினாரோ அந்நாட்டை அவர் கண்ணால் காணவில்லை. 1546 ஜனவரியில் அம்போனுக்கும், பின் தெர்னாத்தே, மோரோத் தீவுகளுக்கும் போனார். முடிவு தவறா? அவர் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. 1547 டிசம்பரில் மலாக்காவில் ஒரு திருமண நாளன்று ஆலயத்தில் அவரைச் சந்தித்தவன் அஞ்சிரோ என்ற ஜப்பானியன். தன் நாட்டில் கொலை செய்துவிட்டு ஓடிவந்து, மனச்சாட்சி குத்த, பாவம் தீர வழிகாட்டும் குருவைத் தேடி அலைந்தவன். அவன் வாயிலாக ஜப்பான் திறந்தது. 1549 ஆகஸ்ட் 15, மோன்மார்த்ரு வார்த்தைப்பாட்டின் 15-ஆம் ஆண்டு நிறைவன்று, அவர் ககோஷிமாவில் இறங்கினார்.

ஜப்பானியர் அறிவுள்ளவர்கள். இவ்வேதம் மெய்யென்றால் சீனர் அறியாமல் இருப்பார்களா என்று கேட்டார்கள். அக்கேள்விக்குச் சீனாவிலேயே விடை தேடப் புறப்பட்டார். 1552-ல் மலாக்காக் கப்பித்தான் தடுத்தான். தூதுக் குழுவோடு போகும் திட்டம் முறிந்தது. தனியாகவே கான்டன் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவுக்குப் போனார். இரகசியமாய் ஏற்றிச் செல்ல ஒப்புக்கொண்ட சீன வியாபாரி வரவில்லை. குளிர், காய்ச்சல், ஓலைக் குடிசை. அந்தோனி என்ற சீனக் கிறிஸ்தவ இளைஞன் மட்டும் அருகில் இருக்க, 1552 டிசம்பர் 3-ஆம் நாள் விடியுமுன் இறந்தார். வயது 46. பத்தாண்டு ஊழியத்தில் அவர் போட்ட திட்டங்களில் பாதிக்கு மேல் நிறைவேறவில்லை. 1622 மார்ச் 12-ஆம் நாள் இஞ்ஞாசியாரோடு சேர்த்துப் புனிதராக உயர்த்தப்பட்டார்.

அவர் கழுத்தில் ஒரு சிறு பேழை தொங்கிக்கொண்டிருந்தது. தோழர்களின் கடிதங்களிலிருந்து கத்தரித்தெடுத்த அவர்களுடைய கையெழுத்துகளையும், தாம் கொடுத்த வார்த்தைப்பாட்டின் வாசகத்தையும் எப்போதும் உடன் வைத்திருப்பதாக அம்போனிலிருந்து எழுதியிருந்தார். அவர் இறந்தபின் அந்தப் பேழையைத் திறந்தபோது, இஞ்ஞாசியாரின் கையெழுத்தும் அந்த வாசகமும் இருந்தன. அவற்றோடு மயிலையிலிருந்து கொண்டுபோன எலும்புத் துணுக்கும் இருந்தது.